வெள்ளிக்கிழமை சங்கிலி முழுக்கு

அழைப்பு ரஞ்சினியின் இலக்கத்திலிருந்துதான் வந்தது. ஞாயிறு மத்தியானம், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எடுத்தால் அவருடைய மகளின் குரல். எஸ்பியர்க் நகரில் வேலை செய்கிற பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று தமிழில் தொடங்கினாள்.

"அன்ரி, அம்மா இல்லை."

"எங்க போட்டா? போனையும் விட்டிட்டுப் போட்டாவோ? வந்தோடனை எனக்கு எடுக்கச் சொல்லு பிள்ளை," என்றேன்.

 அவள் டேனிஷுக்கு மாறிச் சொன்னாள், அம்மா செத்துப்போனா என்று. தமிழ் "இல்லை" போல அல்ல, அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். காலையில் எழும்பவில்லையாம், இதயமாம். நான் அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. வந்தவுடன் எடுக்கச் சொல்லு என்று நான் சொன்னது மட்டும் நினைவில் நிற்கிறது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ரஞ்சினியைத் திருவிழாவில் மோர் ஊற்றிக் கொடுத்தவராகத் தெரியும். கலியாண வீடுகளில் பலகாரத்தட்டை எந்த மேசைக்கு முதலில் அனுப்புவது என்று கட்டளையிட்டவராகத் தெரியும். எனக்கு அவர் என் வலப்பக்கத்தில் சைக்கிள் ஓட்டியவர். இக்காஸ்டில் ஒரே முதியோர் இல்லத்தில் இருவருக்கும் காலை வேலை. பக்கத்து ஊர் பிராண்டேயிலிருந்து வருகிறவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். எங்கள் இருவருக்கும் லைசன்ஸ் கிடையாது. எனக்குக் கிடைக்கவில்லை, அவர் கேட்கவேயில்லை. "கார் ஓடினா கதைக்க ஆர் இருக்கினம்? றேடியோதான்," என்பார்.

இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. இவர் எழும்பும்போது அவர் வந்து படுத்துவிடுவார். பிள்ளைகளுடன் டேனிஷ், வேலையில் டேனிஷ். ரஞ்சினி வாய் நிறையத் தமிழ் கதைத்தது அந்தச் சைக்கிள் பாதையில்தான். எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நான் இயல்பிலேயே கேட்கிற ஆள், அவர் சொல்கிற ஆள். அதனால் பொருத்தம் நன்றாக இருந்தது.

எங்கள் இந்தப் பேச்சுக்கு முதல் இடைஞ்சலாக வந்தது சைக்கிள் சங்கிலி. நாங்கள் சேர்ந்து ஓடத் தொடங்கிய முதல் மாரியில், மழையும், உறைபனிக்காக நகரசபை வண்டி வீதியில் தூவும் உப்பும் சேர்ந்து இரண்டு சங்கிலிகளையும் தின்றுவிட்டன. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் பன்றிக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். மேற்குக் காற்று வேறு. ரஞ்சினி ஒரு வசனம் சொல்வார், நான் "என்ன?" என்பேன். அவர் திருப்பிச் சொல்வதற்குள் கதையின் சுவை போய்விடும். ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இப்பிடி நாய் குலைக்கிறமாதிரிக் கதைக்க ஏலாது. எண்ணெய் வாங்குவம்," என்றார்.

வீட்டுத் தேங்காயெண்ணெய் குளிருக்குக் கல்லாகி நிற்பதைப் பார்த்திருந்ததால் அந்த யோசனையை அவரே கைவிட்டார். கடைக்குப் போனோம். தட்டில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் டேனிஷில் "காய்ந்தது" என்றும் மற்றதில் "ஈரம்" என்றும் எழுதியிருந்தது. ரஞ்சினி இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்களுக்கு ஈரம் வேண்டாம்தானே. சங்கிலி காய்ஞ்சிருக்கத்தானே வேணும். அப்ப காய்ஞ்சதை எடுப்பம்." எனக்கும் அது முழுக்கச் சரியாகப் பட்டது. கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். ரஞ்சினி அவரைப் பார்த்துச் சிரித்து, எல்லாம் தெரியும் என்று தலையாட்டிவிட்டார்.

அந்தப் போத்தல் மழையில்லாத நாட்களில் ஓடுபவர்களுக்கானது. தண்ணீர்போல மெல்லிய எண்ணெய். அடுத்த மழையிலேயே கழுவுப்பட்டுப் போயிற்று. இல்லத்தில் யன்னலோரம் இருக்கும் டேனிஷ் கிழவர் ஒருவர், நாங்கள் வருவதை மணிக்கூடு பார்க்காமலே தன்னால் சொல்ல முடியும் என்றார். ரஞ்சினி அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே தமிழில் என்னிடம், "இந்த மனுசனுக்கு மற்ற நேரத்திலை காது கேக்காது, கண்டீரோ," என்றார்.

பிறகு "ஈரம்" போத்தலை வாங்கினோம். சீனிப்பாணிபோலத் தடித்த எண்ணெய். மழை எவ்வளவு பெய்தாலும் சங்கிலியை விட்டுப் போகாது. ஆனால் ரஞ்சினிக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. விருந்துக்கு வந்தவரின் தட்டில் சோறு போடுவதுபோல அள்ளி ஊற்றினார். வீதி மணலும் உப்பும் அதில் ஒட்டி, சங்கிலி கறுத்த சேறாகி, சத்தம் இப்போது நறநறவென்று மாறியது. என் காற்சட்டைக் கால் நாசம். நான் முகத்தை நீட்டிக்கொண்டு ஓட, அவர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"நாங்கள் மடைச்சியள் அப்பா. தலைக்கு எண்ணெய் வைச்சா அப்பிடியே தெருவுக்கு வாறனாங்களோ? ஊறவிட்டு, அரப்பு வைச்சுத் தோஞ்சுதானே வாறனாங்கள். சங்கிலிக்கும் அதுதான்."

அன்றிலிருந்து எங்களுக்குள் அதற்குப் பெயர் முழுக்கு. முதலில் பழந்துணியால் சங்கிலியின் ஈரத்தைத் துவட்டுவது. பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றி ஊறவிடுவது. கடைசியில் மேலே நிற்கிற எண்ணெயை எல்லாம் துடைத்து எடுப்பது. உள்ளே போனதுதான் வேலை செய்யும், வெளியே நிற்பது மணலைத்தான் கூப்பிடும். நான் சனிக்கிழமை செய்வோம் என்றேன், வேலை இல்லாத நாள் என்று. ரஞ்சினி ஒப்பவில்லை. "சனியிலை முழுகிறது ஆம்பிளையள். இவை இரண்டு பேரும் பொம்பிளையள். வெள்ளிக்கிழமைதான்." சங்கிலிகள் பெண்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இவ்வளவு நாளும் கத்தினவையெல்லே, ஆரும் கேட்டவையோ?" என்றார்.

ஆக, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இல்லத்தின் சைக்கிள் கொட்டகையில் எங்கள் இருவருக்கும் குந்தியிருக்க இடம். அவர் எண்ணெய் விடுவார், நான் துடைப்பேன். தான் துடைத்தால் மனம் வராமல் பாதி எண்ணெயை விட்டுவிடுவதாக அவரே சொல்லிப் பிரித்த வேலை அது. திங்கட்கிழமை காலை மழைக்குள் இரண்டு சைக்கிளும் சத்தமில்லாமல் ஓடும். ரஞ்சினியின் குரல் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும். மற்றவர்கள் கோடையை எதிர்பார்த்திருப்பார்கள். நான் அந்த இருட்டுக் காலைகளை எதிர்பார்த்திருந்தேன் என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அடுத்த நாளே நான் வேலைக்குப் போனேன். செத்தவீட்டுத் துடக்கோ தீட்டோ எனக்கு இல்லை. நான் சொந்தக்காரி அல்ல, கூட வேலை செய்தவள். அழுவதற்கு வீட்டில் ஒரு மூலைகூட எனக்கென்று யாரும் ஒதுக்கித் தரவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் போத்தலை எடுத்தேன், திறக்க மனம் வரவில்லை. செத்தவீட்டுக்குள் யார் எண்ணெய் வைத்து முழுகுவார்கள்? எனக்கு இல்லாத துடக்கு சங்கிலிக்காவது இருக்கட்டும் என்று போத்தலை வைத்துவிட்டேன். அதற்கடுத்த வெள்ளிகளையும் விட்டேன். மழை விடவில்லை. சங்கிலி மறுபடி கத்தத் தொடங்கியது. இல்லத்தில் கூட வேலை செய்கிற ஒரு பிள்ளை, பஸ்ஸில் வரலாமே என்று கேட்டது. நானும் அதை யோசித்தேன். பேச்சுத்துணை இல்லாமல் இந்த மாரிக்குள் ஓடுவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டேன். விடுவதும் நான், துடைப்பதும் நான். திங்கட்கிழமை ஓடினேன். சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியை நான் தாங்குவேன் என்று நினைக்கவில்லை. ரஞ்சினி, உம்மை எவ்வளவு தேடுகிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் பஸ்ஸில் போகப் போவதில்லை.

எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்து ஓடிய காலையில், முதன்முதலாக இந்த நாட்டுக்கு வரும் வழியில் விமானம் மாறக் காத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் கைக்குழந்தை, மொழி தெரியாத ஊர். யாரோ ஒரு தமிழ்ப் பெடியன் வந்து, பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வாசல்வரை கூடவே நடந்தானாம். "அவன் ஆரெண்டு பிறகு இஞ்ச வந்துதான் தெரிஞ்சுது. ஆரெண்டு நினைக்கிறீர்?" என்றார். அதற்குள் இல்லத்தின் வாசல் வந்துவிட்டது. "மிச்சம் நாளைக்கு," என்று இறங்கினார். மறுநாள் எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அதற்குப் பிறகு வந்தது அந்த ஞாயிறு.

அந்தப் பெடியன் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். அது நீங்களாகவேகூட இருக்கலாம். தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். அது ரஞ்சினி எனக்குச் சொல்ல வேண்டிய கதை.