ஸ்பாசியாவின் இடது கண்

என் பொண்டாட்டியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும், முதல்லயே சொல்லிட்டேன்.

ஸ்பாசியா எங்க ஊர் ஸ்ட்ருமிட்சாவுல பஸ் ஓட்டுறா. பத்தொன்பது வருஷம். மலைக் கிராமத்து ரூட்டு. பனி கொட்டுச்சுன்னா ஆம்பளை டிரைவருங்களே வயித்து வலின்னு லீவு போட்டுடுவானுங்க. இவ போவா. "பொம்பளையா ஓட்டுது?"ன்னு எவனாவது இழுத்தா, "இறங்கி நடந்து வாய்யா, தொப்பை குறையும்"னு கதவைத் திறந்துடுவா. வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. ஒரு கண்ணு மங்கினாலும் பஸ்ஸை மறந்துட வேண்டியதுதான்.

போன செப்டம்பர்ல காய்ச்சல் வந்துச்சு, கூடவே உதட்டோரம் நாலு கொப்புளம். வழக்கமா வர்றதுதானேன்னு விட்டுட்டோம். அடுத்த வாரம் இடது கண்ணு செவந்துச்சு. செப்டம்பர்ல எங்க ஊர்ல எவன் கண்ணு வெள்ளையா இருக்கு? வீட்டுக்கு வீடு வாசல்ல அடுப்பைப் போட்டு, குளிர்காலத்துக்கு அய்வார் தொக்கு கிளறக் குடைமிளகாய் சுடுறோம். நாங்களும் நாப்பது கிலோ சுட்டோம். "புகைடி, வேறென்ன"ன்னேன். வெளிச்சம் கூசுதுன்னா. அதுக்கும் புகைன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

பக்கத்து வீட்டு டோப்ரின்கா வேலிக்கு மேல எட்டிப் பார்த்தா. எங்க தெருவுல அந்த வேலியைத் தாண்டாத பொருளே கிடையாது. ஏணி, வினிகர், மாத்திரை, எல்லாம் போகும் வரும்.

"அண்ணே, என் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கு. சிவப்பை அப்படியே எடுத்துடும், போட்டு விடுங்க."

போட்டேன். தினம் மூணு வேளை, அவ தலையை என் மடியில வச்சு, இமையை நானே விரிச்சு, "ஆடாதடி"ன்னு அதட்டி வேற போட்டேன். ரெண்டே நாள்ல கண்ணு வெளுத்துச்சு, பாழாப்போன மருந்து! டோப்ரின்காவுக்கு ரெண்டு பாட்டில் அய்வார் கொடுத்து நன்றி வேற சொன்னேன்.

பத்தாம் நாள் வலது கண்ணைப் பொத்திக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னா. "யோவ் பிளகோயா, என் மூஞ்சி தெரியலைய்யா."

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கண்ணுல மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாங்க. கருவிழி பூரா கிளை கிளையாப் புண்ணு. உதட்டுல வந்த அதே வைரஸாம். நாங்க கொண்டு போன சொட்டு மருந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா பெரும்பாலும் ஆத்தியிருக்கலாம். இந்த ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை மட்டும் மறைச்சுட்டு வைரஸை நல்லா மேய விட்டிருக்கு. இனி புண்ணு ஆறினாலும் தழும்பு நிக்கும். பஸ்ஸெல்லாம் ஓட்ட முடியாதும்மா. யாரு இதைப் போட்டது?"



"நானேதான் போட்டுக்கிட்டேன்"னா ஸ்பாசியா. "இவருக்கு அதெல்லாம் தெரியாது."

டாக்டரம்மா பத்து நிமிஷம் அவளை வறுத்தெடுத்தாங்க. யாருக்கும் அடங்காதவ, தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டா. நான் பக்கத்துல மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். த்தூ.

வெளிய வந்ததும் மாடிப்படி முனையில நின்னு கத்திட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்ன? அந்தத் திட்டு என்னோடதுடி! நீயாவது என்னை ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்!"

"திட்டினா கண்ணு வந்துடுமா?"ன்னா. "கையைக் கொடுய்யா. படி எங்க இருக்குன்னு சரியாத் தெரியலை."