அக்கார்டியன்காரரை ஏன் கூப்பிடுவதில்லை?

‘விடிஞ்சாச்சு’ என்ற புதுக் காலை நிகழ்ச்சியைப் பற்றி ஒசோர்னோ ஊர் டயாலிசிஸ் நிலையத்தில் ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. பழைய நிகழ்ச்சியை நடத்திய பெரியவர் ஓய்வு பெற்றுப் போனதும், அவர் இடத்தில் நான்கு பேரைச் சிவப்பு சோபாவில் உட்காரவைத்துக் கத்தச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் சிரித்தார்.

“இவனுங்களுக்கு யாரு சாவி கொடுத்து விட்டது?” என்றார் தோன் வால்தெமார். ‘தோன்’ அங்கே ‘ஐயா’ என்பது போல; ஆள் வாழ்நாள் முழுக்க மரலாரி ஓட்டியவர். அவர் முணுமுணுத்தாலே வராந்தா வரை கேட்கும்.

“அதைக்கூட பொறுத்துக்கலாம். அந்தச் சமையல்காரன் விடியறப்பவே வெண்ணெய்ப்பழத்தை வெட்டி வெட்டிக் காட்டுறானே, நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கவா?” என்றாள் இளம் ஆசிரியை ஒரியானா. அங்கே இருந்த யாருக்கும் வெண்ணெய்ப்பழம் ஆகாது. தக்காளி, வாழைப்பழம் எல்லாம் விஷம். தண்ணீரே அளந்துதான்.

கருத்து சொல்ல இவர்களைவிடத் தகுந்த ஆட்கள் நாட்டிலேயே கிடையாது என்பேன். மற்றவர்கள் பல் துலக்கிக்கொண்டும் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டும் டிவியை அரைக்கண்ணால் பார்க்கிறார்கள். இவர்களோ கையில் ஊசியோடு, ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்புகிற வரை நாற்காலியைவிட்டு அசையாமல் கிடந்து, விளம்பரம் உட்பட முழுசாகப் பார்க்கிறார்கள். இருந்தது ஒரே டிவி. கண்ணாடிக் கதவுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள்.

எதெல்மிரா ஓஹேதா மட்டும் கருத்து சொல்லவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. பக்கத்து நாற்காலி தோன் லிசாந்த்ரோவின் கண்களைச் சர்க்கரை நோய் எப்போதோ பறித்துவிட்டது. திரையில் நடப்பதை அவள்தான் அவருக்குச் சொல்லவேண்டும்.

சொல்வது அவளுக்குப் புதிதல்ல. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்து தலை நரைத்தவள். புவெர்ட்டோ மோன்ட் போகும் வண்டி எந்த மேடை, வால்திவியா வண்டி எப்போது புறப்படும் எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவளுக்கும் கல்யாணம் கூடிவந்தது. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று வடக்கே போனவன் வரவேயில்லை. அவன் ஏறிய வண்டி புறப்படுவதையும் அவள்தான் மைக்கில் அறிவித்தாள்.

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. வழியில் பழுதான வண்டியை ‘இதோ வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லச் சொல்வார்கள் முதலாளிமார். அவள் மாட்டாள். “வண்டி ரியோ புவேனோவில் நின்றுவிட்டது, இன்றைக்கு வராது” என்பாள். ஜனங்கள் திட்டுவார்கள். ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் சொன்னது எதெல்மிரா.

அப்படிப்பட்டவள் அறுபது வயதுக்கு மேல் பொய் சொல்லத் தொடங்கினாள்.

புது நிகழ்ச்சி வந்த முதல் வாரம் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். சிவப்பு சோபா, நாலு பேர், ராட்சத எழுத்துகள். லிசாந்த்ரோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “போதும். இந்த இரைச்சலைக் கேக்கவா நான் இருட்டுல எந்திரிச்சு வர்றேன்?” அடுத்த முறை அவர் வரவில்லை. அவர் வாசலுக்குப் போன டயாலிசிஸ் நிலையத்து வேன் காலியாகத் திரும்பியது. அதற்கடுத்த முறையும் காலி. அந்த இயந்திரத்தை விட்டு விலகியவர் கதி என்ன என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது முறை நர்ஸ் யாஸ்னா நேரில் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தாள். கால் வீங்கி, மூச்சு இரைக்க வந்து உட்கார்ந்தார்.

“என்ன நடக்குது பக்கத்து வீட்டம்மா, இன்னும் கத்துறாங்களா?” என்றார். பக்கத்து நாற்காலி என்பதால் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

எதெல்மிரா திரையைப் பார்த்தாள். நால்வரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

“அவங்க கெடக்கறாங்க,” என்றாள். “பின்னாடி ஓரத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். மடியில அக்கார்டியன். கழுத்துல துண்டு. எப்போ கூப்பிடுவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கார்.”

லிசாந்த்ரோவின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. “கூப்பிட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

அதிலிருந்து அவர் ஒருநாளும் தவறவில்லை. வேனில் இருந்து இறங்கும்போதே “இன்னைக்காவது அந்த மனுஷனைக் கூப்பிடுவாங்களா?” என்பார். எதெல்மிரா சோபாவுக்கு அடியில் ஒரு கிழட்டு நாயையும் படுக்கவைத்தாள். மற்றவர்கள் காதில் விழாமலா இருக்கும்? யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வால்தெமார்கூட ஒருநாள் “நாய் கொட்டாவி விடுது பாருங்க” என்று ஒத்து ஊதினார்.

இதற்கிடையே ஒரு மழைநாளில் அது நடந்தது. லிசாந்த்ரோவுக்கு ஹிமேனா என்று ஒரு மகள். அவருக்குக் கண்பார்வை போன புதிதில் அவரைக் கேட்காமலே மாடுகளை விற்றுவிட்டாள். நல்லதுக்குத்தான் விற்றாள். அவர் அவளை வீட்டைவிட்டே துரத்தினார். நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. அன்று அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவர் விழித்ததும் எதெல்மிரா சொன்னாள். முகம் அச்சு அசல் அவர் முகம் என்பதையும் சொன்னாள். லிசாந்த்ரோ, “செப்டம்பர் சுதந்திரப் பண்டிகைக்கு அவளுக்கு ஒரு போன் போடலாம்னு இருக்கேன்” என்றார். அன்றிலிருந்து சட்டைப் பித்தானை முழுசாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

‘உங்கள் கருத்தைக் குரலில் பதிந்து அனுப்புங்கள்’ என்று ‘விடிஞ்சாச்சு’ கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். ரத்த அழுத்தம் இறங்கி எதெல்மிரா கண்ணயர்ந்துகிடந்த ஒரு காலையில், லிசாந்த்ரோ ஒரியானாவின் கைபேசியைக் கேட்டார். அவரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? ஒரியானாவும் அவர் சொன்னதைப் பதிந்து அனுப்பிவிட்டாள். ஆயிரம் பேர் அனுப்புகிறார்கள், இதையா போடப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

போட்டார்கள். அடுத்த முறை எல்லாரும் ஊசியோடு உட்கார்ந்திருக்கும்போது, லிசாந்த்ரோவின் கம்மிய குரல் கதவுக்கு மேலிருந்து வந்தது.

“வணக்கங்க. உங்க நிகழ்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு குறை. பின்னாடி உட்கார்ந்திருக்கற அக்கார்டியன்காரரை ஏன் கூப்பிட மாட்டேங்கறீங்க? பாவம், தினமும் காத்திருக்கார். அந்த நாய்க்கும் வயசாயிடுச்சு, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வெடித்தார்கள். “ஐயா எந்த வீட்டு டிவியப் பார்க்குறாரு?” என்றான் ஒருவன். இன்னொருத்தி சோபாவுக்கு அடியில் குனிந்து தேடினாள். மூன்றாமவன் நாய்போலக் குரைத்தான். மொத்த அரங்கமும் கைதட்டியது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, யோசிக்காதவர்கள். அன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

யாஸ்னா ஓடிவந்து சத்தத்தை நிறுத்தினாள். இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பக்கத்து வீட்டம்மா.”

“சொல்லுங்க.”

“அக்கார்டியன்காரர் இல்லையா?”

“இல்ல.”

“நாய்?”

“அதுவும் இல்ல. நீங்க வராமப் போயிட்டீங்க, பயந்துட்டேன். அதான் சொன்னேன்.”

அவர் தலையாட்டினார். கோபம்கூட இல்லை. “அப்போ ஹிமேனா?” என்றார்.

எதெல்மிரா இதை எதிர்பார்க்கவில்லை. “அது நெசம் தோன் லிசாந்த்ரோ. சத்தியமா நெசம்.”

“அக்கார்டியனையும் இதே குரல்லதான் சொன்னீங்க.”

வண்டி வராது என்று சொன்னால் ஊரே நம்பிய குரல் அது. இப்போது வந்தவளை வந்தாள் என்று சொல்லியும் நம்ப ஒருவர் இல்லை. அவர் மெல்லச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அடுத்த முறையிலிருந்து வேன் காலியாகத்தான் திரும்பும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக அவள் அறிவிப்புக் குரலை எடுத்தாள். “எல்லாரும் கேளுங்க! மழையன்னைக்கு அந்தக் கதவுகிட்ட ஒரு பொண்ணு வந்து நின்னாளே, பார்த்தவங்க சொல்லுங்க. நான் வாயத் தொறக்கல.”

“நின்னுச்சு,” என்றார் வால்தெமார் உடனே. “பச்சைக் கோட்டு.”

“பச்சையா? நீலம்!” என்றாள் ஒரியானா. “கையில குடை.”

“குடை ஏது? தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சுல்ல நின்னுது.”

“குடைய மடக்கி வச்சிருந்தா தோன் வால்தெமார். உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சாத்தானே!”

“அப்பத்தான் தரையைத் தொடச்சிருந்தாங்க. சேத்தோட வந்து நின்னா. கால்மிதியடில நில்லும்மான்னு சைகை காட்டுனேன்,” என்றாள் யாஸ்னா. “கோட்டு கருப்புங்க.”

“டிவில ராசிபலன் முடியற வரைக்கும் நின்னா.”

“இல்ல, வானிலை வந்ததும் போயிட்டா.”

“போறப்போ அழுதுச்சு.”

“அழல, அது மழைத்தண்ணி. எதுக்கெடுத்தாலும் அழ வச்சிடுவீங்களே!”

லிசாந்த்ரோ ஊசி இல்லாத கையை உயர்த்தினார். “நிறுத்துங்க. ஒருத்தர் சொல்றதும் இன்னொருத்தரோட ஒத்துப்போகலியே.”

“ஒத்துப்போறதுக்கு?” வால்தெமாருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க என்ன கூடி உட்கார்ந்து கதையா கட்டுனோம்? பார்த்தத சொல்றோம். கோட்டு பச்சைதான்!”

லிசாந்த்ரோவின் தாடை அசைந்துகொண்டே இருந்தது. பிறகு யாஸ்னாவைக் கூப்பிட்டு ஒரு எண்ணைத் தடுமாறாமல் சொன்னார். அவள் கைபேசியில் அந்த எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி அவர் வாயருகே பிடித்தாள். மணி அடித்தது. எதெல்மிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அலோ?” என்றது ஒரு பெண்குரல்.

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

“அலோ, யாரு? …அப்பா?”

“நான்தான். நீ இங்க வந்தியாமே,” என்றார். “அன்னைக்கு என்ன நெறத்துல கோட்டு போட்டிருந்த? இங்க அதுக்கு ஒரே சண்டையா இருக்கு.”

எதிர்முனையிலிருந்து அந்தக் குரல் மெல்ல வந்தது.

“ஞாபகம் இல்லப்பா. உங்களத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்.”