சேற்றில் இறங்கிய ஆல்டர்டன்

பழவேற்காட்டில் தோணிரேவுக்கு அந்தாண்டை, ஏரியை ஒட்டி முப்பது வீடுகள் கொண்ட ஓர் இருளர் குடியிருப்பு. அங்கே இருக்கும் கண்ணப்பனுக்கு சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஆல்டர்டன் என்கிற இங்கிலாந்து கார் கம்பெனியின் சரித்திரம் வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும். கம்பெனி எந்த வருடம் தொடங்கியது, எந்த மகாராஜாவுக்குக் கார் விற்க முடியாதென்று முகத்தில் அடித்தாற்போல் எழுதிப்போட்டது, கதவைச் சாத்தும்போது வருகிற சத்தத்தைக் கேட்பதற்கென்றே எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தது என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அந்தக் காரைச் சுற்றி மூன்று மணி நேரம் அவன் சேற்றில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, காரின் முதலாளி கரையில் நின்று வாய் ஓயாமல் புலம்பியதில் காதில் விழுந்தது.

தவழ்வதுதான் கண்ணப்பனின் தொழில். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கி, பனை ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போவான். அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுவான். எது இறால், எது நண்டு, எது முள்ளால் குத்திவிட்டுப் போகிற கெளுத்தி என்று விரலுக்குத் தெரியும். அப்பா எல்லப்பனும் இப்படித்தான் பிடித்தார், தாத்தா மண்ணாங்கட்டியும் இப்படித்தான் பிடித்தார். நாற்பத்தெட்டு வயதில் கண்ணப்பனின் விரல் ரேகை தேய்ந்தே போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால், இப்படி ஓர் ஆளே கிடையாது என்கிறது.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வீம்பு. மகள் கலைவாணி சேற்றில் கை வைக்கக் கூடாது. ஐந்து வயதில் அவள் ஆசையாகப் பறியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தபோது, முதலும் கடைசியுமாக அவளை ஓர் அடி அடித்தான். அந்த வருடமே விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் இடம் இல்லை, இடம் இல்லையென்றால் அவளும் பறியைத்தான் கடிக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்காக மூன்று வருடம் கோட்டாட்சியர் ஆபீஸ் படியை மிதித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு.

"உங்க அப்பாவோட சர்டிபிகேட் இருக்கா?"

"அவுருக்குக் கெடியாது சார்."

"தாத்தாவோடது?"

"அவுரு ஏரியில பொறந்து ஏரியில செத்தவரு சார். எந்த ஆபீசுல போயி வாங்கியிருப்பாரு?"

"அப்ப நீ இருளர்னு நான் எப்படி நம்புறது?"

"நான்தான் சொல்றேனே சார்."

"நீ சொன்னா ஆச்சா?"

அதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தை மாதம் பூநாரைகள் வந்தன. பூநாரைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து சிவசங்கர் வந்தார். பெரிய கம்பெனியில் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடத்து ஆல்டர்டன் ஒன்றை, பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒரு காலண்டர் போடுகிறதாம். அதில் ஜனவரி மாதத்துக்கு, பின்னால் பூநாரைக் கூட்டமும் முன்னால் இந்தக் காரும் நிற்க வேண்டும். டிரைவர் ஜெரோம் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஏரிக்கரையில் வந்து இறங்கியதைப் பார்த்து, கலெக்டரே வந்துவிட்டாரென்று நான்கு பேர் மனு எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

காரின் மூக்கில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளி ஆந்தை உட்கார்ந்திருந்தது. கம்பெனி தொடங்கிய புதிதில், ஆந்தை தூங்கிக்கொண்டிருந்த ஒரு மரத்தடியில் காரை ஓட்டிக்கொண்டு போனார்களாம். ஆந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லையாம். அவ்வளவு அமைதியான எஞ்சின். அன்றிலிருந்து எல்லா ஆல்டர்டனுக்கும் ஆந்தைதான் அடையாளம்.

"ஆந்தைய முன்னால வச்சிகினு எவனாச்சும் ஊட்ட உட்டுக் கெளம்புவானா?" என்று கண்ணப்பன் ஜெரோமின் காதைக் கடித்தான்.

சிவசங்கர் ஏரியின் காய்ந்த தரையைக் காட்டி, வண்டியை அங்கே இறக்கச் சொன்னார். கண்ணப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, வாணாம். மேலாக்கத்தான் காஞ்சிகினு கீது. உள்ள மொத்தமும் சேறு. மாடே எறங்காது."

"இது எகிப்து பாலைவனத்துல ஓடின கம்பெனி வண்டிப்பா," என்றார் சிவசங்கர், குழந்தைக்குச் சொல்வது போல.

ஆல்டர்டன் இருபது அடி ஓடியது. பிறகு சத்தமே இல்லாமல், கம்பெனியின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, கதவுக்குக் கீழுள்ள படி வரை உள்ளே இறங்கியது. சுற்றிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியது. ஆல்டர்டன் ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பது கம்பெனியின் நூறு வருடப் பெருமை. அப்படியே நின்றாலும் அவர்கள் புத்தகத்தில் அதற்கு 'ஓய்வு' என்றுதான் பெயர். ஓய்விலிருந்த காரை முன்னாலிருந்து தள்ளிப் பின்னால் ஏற்றிவிடலாமென்று எல்லோரும் இறங்கினார்கள். சிவசங்கரும் ஒரு கை கொடுத்தார். கால் வழுக்கியது. விழப்போனவர் ஆந்தையைப் பிடித்தார். ஆந்தை கையோடு வந்தது. அவர் ஒரு பக்கம் விழுந்தார், ஆந்தை இன்னொரு பக்கம் பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது.

அப்போதுதான் சரித்திரம் வெளியே வந்தது. சிவசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ஆல்டர்டனுக்கும் லண்டனில் ஒரு புத்தகம் உண்டு. யார் வாங்கினார், எத்தனை நாள் வைத்திருந்தார், எந்த ஆணி எப்போது மாற்றப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். ஆந்தைக்கு அடியிலும் காரிலும் ஒரே எண். ஆந்தை தொலைந்தால் வேறு ஆந்தை வைக்கலாம், ஆனால் புத்தகத்தில் 'அசல் அல்ல' என்று எழுதிவிடுவார்கள்.

"மாறாம இருக்கறதுலதான் இதோட மதிப்பே இருக்கு. தொண்ணூறு வருஷமா ஒரு ஸ்க்ரூ மாறலை தெரியுமா? ஆல்டர்டன்காரன் எழுதினா எழுதினதுதான். ராணியே சொன்னாலும் அடிச்சுத் திருத்த மாட்டான்!"

கண்ணப்பன் பறியைக் கரையில் வைத்துவிட்டுத் தவழ ஆரம்பித்தான். கிடைத்தது ஒரு பாட்டில், ஒற்றைச் செருப்பு, விரலைக் கவ்விய ஒரு நண்டு. மூன்றாவது மணி நேரத்தில் நடுவிரலில் ஏதோ பட்டது. கல்லுக்கு மூக்கு இருக்காது, இதற்கு இருந்தது. எடுத்துத் தண்ணீரில் அலசி நீட்டினான்.

"இந்தாங்க ஐயா, உங்க கோட்டான்."

சிவசங்கர் கண்ணீர் விட்டே அழுதார். "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு கண்ணப்பா" என்றார்.

கண்ணப்பன் யோசிக்கவே இல்லை. "எம் பொண்ணு சர்டிபிகேட்டுக்கு ஆபீசுல ஒரு வார்த்த சொல்லுங்கையா."

சிவசங்கரின் முகம் மாறியது. "அதெல்லாம் நான் தலையிடறதில்லப்பா. எதுவா இருந்தாலும் ரூல்ஸ்படி போகணும்" என்றார். கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், காருக்குள்ளிருந்து ஆந்தைப் படம் போட்ட தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கண்ணப்பனின் பெண்டாட்டி ஜமுனா அதை வீட்டுக்குள் விடவில்லை. உள்ளூர் டிராக்டர் ஒன்று வந்து ஆல்டர்டனின் ஓய்வை முடித்து வைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஜெரோம் மட்டும் பஸ்ஸில் வந்தான். ஆந்தை கழன்று விழுந்ததையும் கிடைத்ததையும் சிவசங்கர் லண்டனுக்கு எழுதியிருந்தார். ஆல்டர்டன்காரர்கள் லேசில் விடுவார்களா? எடுத்தவர் யார், எந்தக் குலம், என்ன தொழில், எந்த முறையில் எடுத்தார், அந்த வித்தை யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பக்கம் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஜெரோம் போனைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, உங்க தாத்தா பேரு என்னன்னு கேக்கறாங்க."

கண்ணப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "மண்ணாங்கட்டின்னு எழுது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான் நைனா. அவருக்கு முன்ன பொறந்த மூணும் தங்கல. அதான் அப்படிப் பேரு வச்சாங்க."

பங்குனியில் கெட்டித் தாளில் ஒரு கடிதம் வந்தது. அடியில் ஆந்தை முத்திரை. விடுதியிலிருந்து வந்திருந்த கலைவாணி தமிழில் சொன்னாள். இன்ன எண்ணுள்ள காரின் ஆந்தை, பழவேற்காடு ஏரியின் சேற்றிலிருந்து, இருளர் பழங்குடியைச் சேர்ந்த கண்ணப்பனால் கையாலேயே மீட்கப்பட்டது. இவர் எல்லப்பனின் மகன், மண்ணாங்கட்டியின் பேரன். மூன்று தலைமுறையாக இந்த ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பம். இது எங்கள் பதிவேட்டில் நிரந்தரமாகச் சேர்க்கப்படுகிறது. காரின் சரித்திரத்தில் தங்களுக்கும் இடம் உண்டு என்பதில் பெருமை கொள்கிறோம்.

தாத்தாவின் பெயர் ஒரு காகிதத்தில் ஏறியதை அன்றுதான் கண்ணப்பன் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும், மனிதர் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் கழித்து ஒரு காரின் சரித்திரத்தில்தானா அவர் பெயர் வர வேண்டும் என்றும் இருந்தது.

வைகாசியில் பரீட்சை முடிவு வந்தது. கலைவாணி நல்ல மார்க். நர்சிங் கவுன்சிலிங்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒருவழியாக அந்த ஆபீஸ் அதிகாரியே விசாரணைக்கு நேரில் வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆள்.

"எங்க, இறங்கிப் புடிச்சுக் காட்டு" என்றார் கண்ணப்பனிடம்.

கண்ணப்பன் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினான். கால் மணியில் ஒரு பிடி இறாலோடு வந்தான். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இதை யார் வேணா கத்துக்கலாமே." பிறகு கலைவாணியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருளர் பொண்ணுன்னு சொல்றே, இறால் பிடிக்கத் தெரியாதா? நீ என்ன ஒரிஜினல்?"

கண்ணப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத்தோடு முன்னால் வந்து நின்றான்.

"அவளுக்குத் தெரியாது சார். தெரியவே கூடாதுன்னுதான் நான் இத்தினி வருசமா இந்தச் சேத்துல கெடக்கறேன். அது தப்புன்னா என்னப் புடிச்சி உள்ள போடுங்க. அவள ஒண்ணும் கேக்காதீங்க."

கத்திய பிறகுதான் பயம் வந்தது. காரியம் கெட்டது என்றே நினைத்தான். அதிகாரி பேனாவைத் திறந்தார். அதற்குள் கலைவாணி வீட்டுக்குள் ஓடி, மார்க் ஷீட்டுகளோடு வைத்திருந்த கெட்டித் தாளை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

அதிகாரி முத்திரையைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆல்டர்டனா? அந்த ஆந்தைக் காரா? என் பையன் ரூம்ல சுவரு பூரா இந்தப் படம்தான்." முழுக்கப் படித்தார். மறுபடியும் படித்தார். "மூணு தலைமுறை பேரும் இருக்கு. தொழில் இருக்கு. ஏன்யா, இப்படி ஒரு ஆதாரத்தைக் கையில வச்சுக்கிட்டா சும்மா இருந்தே?"

"அது நான் சொன்னதுதான் சார். ஜெரோம் தம்பி கேட்டுச்சி, சொன்னேன். மூணு வருசமா ஆபீசுல சொன்னதும் அதேதான்."

"நீ சொல்றது வேறப்பா. இது அவங்க ரெக்கார்டு. அவங்க தப்பா எழுத மாட்டாங்க" என்றார் அதிகாரி.

மூன்று வருடம் நகராத காகிதம் நான்கே நாளில் வந்தது. இருளர், பழங்குடி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. ஜமுனா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கலைவாணி மட்டும் சிரிக்கவில்லை.

"உன் வார்த்தைய நம்பல நைனா. காருகாரன் வார்த்தையத்தான் நம்பியிருக்காங்க."

"யாரு வார்த்தையா இருந்தா இன்னா? நீ ஊசி போடக் கத்துக்கோ, போ" என்றான் கண்ணப்பன். சொல்லிவிட்டானே ஒழிய, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. கதவைத் திறந்தால் குடியிருப்பின் பாதிச் சனம் நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதம். எல்லா விண்ணப்பமும் 'ஆதாரம் போதாது' என்று திரும்பி வந்தவை. மூன்றாவது வீட்டு முனியம்மாள், பத்தாவது முடித்த பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கண்ணப்பா, அந்தக் காரு திரும்பி எப்பப்பா வரும்?"

கண்ணப்பன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் எதிரே நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அத்தனை முகங்களையும் பார்த்தான். பிறகு உள்ளே போய் போனை எடுத்துவந்து, ஜெரோமைக் கூப்பிட்டான்.

"தம்பி, கண்ணப்பன் பேசறேன். ஐயா சௌக்கியமா? இந்த வருசம் பறவ அமோகமா வரும்னு சொல்லு. தர இப்போ நல்லா இறுகிடுச்சி, வண்டிய எங்க வேணா எறக்கலாம்னு சொல்லு."