கை தெரிகிற படம்

மூத்த பேத்தி அபிராமி பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்புக்கு எடுபட்டுவிட்டாள். பேரன் ஆதவன் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்தான். மகன் வீட்டுச் சின்னவள் துளசிக்கு விழுந்த முன்பல் இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் வயலின் வாசிக்கிறாள். இப்படியொரு பிடியைத் தான் கண்டதில்லை என்று அவளுடைய ரீச்சர் சொன்னாராம். அந்த வெள்ளிக்கிழமை, மொன்றியல் பக்கத்து டொலார்ட் கோயில் மண்டபத்தில், பிரசாதப் புக்கைத் தட்டும் கையுமாக இருந்து, இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் முன்பே கேட்டவர்கள்தான். ஆனாலும் நான் சொல்வேன். இந்தப் பத்திரிகையில் இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும்.

துளசியின் வயலின் கதையில் நான் நிற்கும்போது மருமகன் ரமணன் மண்டபத்துக்குள் வந்தார். காலில் பனிச் சப்பாத்து. வந்த வழியெல்லாம் ஈரம்.

"தம்பி, சப்பாத்து! கோயிலெல்லே இது?" என்று கத்தினேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கழற்றவில்லை.

"மாமி, அம்மா மோசம் போயிட்டா" என்றார்.

அவர் சொன்னது தன்னைப் பெற்ற தவமணியை. என் மகள் கௌரிக்கு மாமியார், எனக்குச் சம்பந்தி, அபிராமிக்கும் ஆதவனுக்கும் அப்பம்மா. கோயிலுக்குக் கிட்டவே உள்ள ரமணன் வீட்டில், காரேஜுக்குள், தன் கதிரையில் இருந்தபடியே கண்ணை மூடியிருந்தார். மேசையில் கறுப்பு எண்ணெய் தன்பாட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததாம். ரமணன் ஓடிப்போய் முதலில் அந்தக் கரண்டைத்தான் நிறுத்தினாராம். ஏன் அதை நிறுத்தினேன் என்று இப்போதும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் தவமணியைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒலிபெருக்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கும் இடுக்கில் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய் விடவேண்டும். கண்ணுக்கே தெரியாத காந்தப் பொடி கலந்த எண்ணெய் அது. காந்தம் கிட்ட வந்தால் எழும்பி நிற்கும். வருடக்கணக்காகச் சொட்டு விட்டார். தொழிற்சாலை மூடினபோது மற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள். தவமணி அந்த எண்ணெயைத் தேடினார்.

காரேஜில் அவர் செய்து வைத்திருந்ததை முதல்முறை பார்த்த அன்று நான் மொன்றியல் நோரில் உள்ள என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். ஒரு கண்ணாடித் தட்டு. நடுவில் திருகாணி போலப் புரி வைத்துக் கடைந்த இரும்புக் கூம்பு. அடியில் கம்பிச் சுருள். கரண்டைக் கூட்டக் கூட, தட்டில் பேசாமல் கிடந்த எண்ணெய் புரி புரியாக மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் உடம்பெல்லாம் முள்ளாக விரிந்தது. கரண்டைக் குறைத்தார். முள்ளெல்லாம் மழுங்கி, வழிந்து, பழையபடி தட்டில் கிடந்தது. "ஊமத்தங்காய்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். பார்க்க அப்படியேதான் இருந்தது.

"இதாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா."

"ஆரும் வாங்குவினமோ?"

"இதை ஆர் வாங்கிறது?"

"அப்ப என்னத்துக்கு இந்த மினக்கேடு?"

"உங்கடை வாய் இப்ப ஆவெண்டு கிடக்குதெல்லே? அதுக்குத்தான்."

வாயை மூடிக்கொண்டேன். கோபம் வந்தது. ஆனால் அன்று தேத்தண்ணி ஆறும்வரைக்கும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். தவமணி ஒரு காந்தத்தை என் கையில் தந்தார்; அதற்கும் எண்ணெய் முள்ளாய் எழும்பியது. இன்னும் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் எழும்பும் என்று நினைத்துக் கொண்டுபோனேன். எல்லா முள்ளும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு மொட்டைக் கட்டியாய்ப் போய்விட்டது. தவமணி என் கையைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தார். "கிட்டக் கொண்டுபோகாதையுங்கோ அக்கா. கொஞ்சம் தள்ளி நிண்டால்தான் வடிவாய் வரும்." பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை நான் தோண்டித் தோண்டிக் கேட்கிற நேரங்களிலும் இதையேதான் சொல்லுவார். தள்ளி நில்லுங்கோ அக்கா.

அந்த எண்ணெய் கையில் பட்டால் போகாது. விரலிடுக்கு, நகக்கண், ரேகை எல்லாம் கறுப்பு. அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. நாலு பேர் வருகிற இடத்தில் சம்பந்தி கறுத்தக் கையோடு வந்து நின்றால் என் பிள்ளையைக் கட்டிக்கொடுத்த இடத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

அபிராமி பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டன்று மண்டபம் நிறையச் சனம். தவமணி புறப்படும் நேரம்வரை காரேஜில் இருந்திருக்கிறார். துணியால் துடைத்தும் ஈரம் விடாத கையோடு, பட்டுச்சீலை உடுத்து வந்து இறங்கினார். கோயிலுக்கு வருகிற சின்னாச்சி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "என்னணை இது கை?" என்றாள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தலைக்கு மை பூசினவ. கழுவ நேரமில்லாமல் வந்திட்டா."

சின்னாச்சி தவமணியின் தலையைப் பார்த்தாள். பஞ்சு போல வெள்ளை. ஒரு கறுப்பு மயிர் கிடையாது.

எனக்குப் பின்னால் நின்ற தவமணி சிரிக்காமல் சொன்னார்: "ஓம் பிள்ளை, மைதான். தலைக்குப் பூச மறந்து கைக்குப் பூசிட்டன்."

சின்னாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் படக்காரர் கூப்பிட்டார், சம்பந்திமார் இரண்டுபேரும் சேர்ந்து நில்லுங்கோ என்று.

"கையைச் சீலைத் தலைப்புக்குள்ளை வையுங்கோ. அந்தக் கண்ணாடியையும் கழட்டுங்கோ, வெளிச்சம் அடிக்குது" என்றேன்.

"கையை வெட்டிப்போட்டு வரட்டோ சம்பந்தியம்மா?"

"பகிடியை விடுங்கோ."

நானே அவர் கையைப் பிடித்துத் தலைப்புக்குள் சுற்றினேன். சுற்றும்போது அவர் விரல் என் பச்சைச் சீலையின் கரையில் பட்டுவிட்டது. "ஐயோ அக்கா, உங்கடை சீலை" என்றார். கழுவினால் போகும் என்றேன். "போகாது அக்கா. இது போகாது." படத்தில் அவர் முகத்தில் இருப்பது சிரிப்பு இல்லை. நீங்கள் எல்லாரும் அதைச் சிரிப்பு என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

நீங்கள் பார்த்தீர்கள் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் இருந்தது அந்தப் படம்தான். ரமணனும் கௌரியும் இருந்த நிலையில், அறிவித்தல் கொடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பிறந்த ஊர், வதிவிடம், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. பிறகு, மருந்தாளர் படிப்புப் படிக்கும் அபிராமி, பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்ற ஆதவன் ஆகியோரின் பாசமிகு அப்பம்மா. எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அம்மா, அவ என்ன செய்தவ?"

"வீட்டிலைதான் இருந்தவ. இல்லத்தரசி எண்டு போடுங்கோ."

படத்தில் என்னை வெட்டச் சொன்னேன். சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் ஒரு துண்டுப் பச்சைக் கரை தெரியும். அது நான்.

அடக்க நாளன்று, உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், எங்கள் அறை வாசலில் அந்தப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தோம். அங்கே அறைகள் பல. நான் வாசலில் நின்றேன். உள்ளே கிரியை நடந்துகொண்டிருந்தது. ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கையில் பூவோடு வந்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொருதரம் பார்த்தார். பிரெஞ்சில் எழுதியிருந்த பெயரை வாசித்தார். இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பொன்ஜூர்" என்றார். நானும் "பொன்ஜூர்" என்றேன். அதோடு என் பிரெஞ்சு முடிந்தது. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"மணி?"

வெள்ளைக்காரி தமிழ் கதைக்கிறாவே என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று விரலைக் காட்டி, "மூண்டு" என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். நடையின் அந்தக் கோடியைப் பார்த்தார். "மெர்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக நடந்தார்.

"பாத்தியே சின்னாச்சி" என்றேன், "சம்பந்தி தெரிஞ்ச ஆக்களுக்குத் தமிழும் படிப்பிச்சிருக்கிறா."

அந்த வெள்ளைக்கார அம்மாவின் பெயர் பியெரெத். தொழிற்சாலையில் தவமணிக்குப் பக்கத்து மேசை. எத்தனையோ குளிர்காலம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சொட்டு விட்டவர்கள். அங்கே யாருக்கும் 'தவ' வாயில் நிற்காதாம். எல்லாருக்கும் அவர் வெறும் மணி. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகுதான், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமணனின் டொலார்ட் வீட்டுக்கு வந்து இருந்தபோது. அபிராமி பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள்.

"செய்தி கேட்டுத்தான் வந்தவவாம் அம்மம்மா. ஆனால் வாசலிலை இருந்த படத்திலை நகையும் பட்டுமா வேறை ஒரு ஆள் எண்டு நினைச்சவவாம். அதிலை நிண்ட ஒரு அம்மாட்டைக் கேக்க, அவ மூண்டாம் அறை எண்டு காட்டினவவாம்."

"மூண்டாம் அறையிலை ஆர்?"

"வேறை ஆரோ. பெட்டி மூடியிருந்ததாம். தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லையே எண்டு யோசிச்சுக்கொண்டும் பூவை வைச்சிட்டுக் கனநேரம் இருந்தவவாம். பேந்து அந்த வீட்டுக்காரர் வந்து, நீங்கள் ஆர் எண்டு கேட்டவையாம். ஓடி வந்து பார்க்க, எங்கடை கார் எல்லாம் போயிட்டுதாம்." அபிராமி நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அம்மம்மா, அது நீங்களோ?"

"அவ மணி கேட்டவ, பிள்ளை. மூண்டு மணிதானே."

அபிராமி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். அவள் பிரெஞ்சில் விளங்கப்படுத்த, பியெரெத்தும் சிரித்து, என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "அப்பம்மா இருந்திருந்தால் சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையாலை விழுந்திருப்பாவாம்" என்றாள் அபிராமி.

சொல் விளங்காதது யாருக்கும் வரக்கூடிய பிழை. அதற்கு அவர் சிரித்தார், நானும் சிரித்துவிடலாம். ஆனால் அந்தப் படம் தவறுதலாக வந்தது இல்லை. நானே கையை ஒளித்து, நானே கண்ணாடியைக் கழற்றவைத்து, நானே தெரிந்தெடுத்தது. அந்த வாசலில் தவமணியின் முகம் இருந்திருந்தால் அந்த மனிசி என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கத் தேவையில்லை. நேரே உள்ளே போய்த் தன் சிநேகிதியைக் கடைசியாய் ஒருமுறை பார்த்திருப்பார்.

போகும்போது பியெரெத் ஒரு படம் தந்தார். பழைய தேவாலயம் ஒன்றை மண்டபமாக்கியிருக்கிறார்களாம். அங்கே ஊமத்தங்காயைப் பார்வைக்கு வைத்தபோது எடுத்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார் தவமணி. துளசியின் வயலின் வகுப்பு என்று சொல்லி நான் போகவில்லை. படத்தில் கண்ணாடி போட்டிருக்கிறார். பின்னால் எண்ணெய் முள்ளு முள்ளாக எழும்பி நிற்கிறது. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி விரித்து, மணிக்கட்டுவரை கறுப்பாய், பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் ஆதவன் பெருமையாக நிற்கிறான்.

"இவன் என்னத்துக்கு அங்கை போனவன்?" என்று கேட்டேன்.

"அவன்ரை பேச்சு இதைப் பற்றித்தானே அம்மம்மா" என்றாள் அபிராமி. "முதலாம் இடம் வந்த பேச்சு."

அவன் முதலாவதாக வந்ததைக் கோயிலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எதைப் பற்றிப் பேசினான் என்று அவனை ஒரு நாளும் கேட்டதில்லை.

தவமணி எனக்கென்று எதையும் விட்டுப்போகவில்லை. ஊமத்தங்காய் காரேஜிலேயே இருக்கிறது. ரமணன் இன்னும் அந்தக் கரண்டைப் போடவில்லை. என்னிடம் இருப்பது அந்தப் பச்சைச் சீலை. கரையில் அவர் விரல் பட்ட கறுப்பு. எத்தனையோ சோப்புப் போட்டுத் தேய்த்து, அவர் காதுபடவே ஏசியிருக்கிறேன். அவர் சொன்னது சரி, அது போகவில்லை. இனி அதைத் தேய்க்கமாட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அந்தச் சீலையைத்தான் உடுத்து வருவேன். கறை எதனாலே என்று சின்னாச்சி கேட்டால், மை என்று சொல்லமாட்டேன்.

இதோடு பியெரெத் தந்த படத்தை அனுப்பியிருக்கிறேன். அறிவித்தலில் இல்லத்தரசி என்று போடச் சொன்னது நான். அவர் காந்த எண்ணெயில் சிற்பம் செய்தவர் என்று பத்திரிகைக்காரர் தயவுசெய்து திருத்திப் போடுங்கோ. கோயில் மண்டபத்து அறிவித்தல் பலகையில் பழைய படம் இன்னும் தொங்குகிறது; ஓரத்தில் என் சீலைக் கரை தெரிகிற படம். அதைக் கழற்றிவிட்டு, கோயிலில் தொண்டு செய்கிற பிள்ளைகளே, இந்தப் புதுப் படத்தை ஒட்டிவிடுங்கோ. கையை வெட்டாமல் ஒட்டுங்கோ.