காலியாக வரும் தட்டு

பொட்டலத்தின் வாயைக் கிரகாம் பல்லால் கிழித்ததும் கிளம்பிய வாசனையில் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மோட்டார்வேயின் இரைச்சல் விடாமல் எட்டுகிற தூரத்தில், காசு கட்டி மீன் பிடிக்கிற ஒரு சின்னக் குளம். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஈரப்புல், பழுத்த இலை, ஃபிளாஸ்கிலிருந்து தேநீரின் ஆவி. இவற்றின் நடுவே மீன்தூளும் எண்ணெயும் லேசாகக் கருகிய மாவும் கலந்த அந்த வாசனை. கிரகாம் என்னோடு பஸ் டெப்போவில் வேலை செய்கிற மெக்கானிக், என் வயதுதான். உள்ளங்கையில் கருப்பு மாத்திரைகளைப் போலக் கிடந்ததை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெல்லட் என்றார்.

“நாற்றம் தாங்கவில்லையா?”

“இல்லை. எனக்குத் தெரிந்த வாசனை.”

“உங்கள் ஊரிலும் இதை வைத்து மீன் பிடிப்பார்களா?”

“பிடிக்க இல்லை. வளர்க்க.”

“ஓ, வீட்டுத் தொட்டியிலா? எத்தனை வைத்திருந்தீர்கள்?”

“இரண்டு லட்சம்” என்றேன். அவர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு தக்கையைக் கட்ட ஆரம்பித்தார். என் ஆங்கிலத்தில் எண்கள் எப்போதும் தவறிப்போகும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அன்று அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெல்லட்டில் முள்ளைக் குத்தவில்லை, குத்தினால் பிளந்துவிடுமாம். முள்ளில் ஒரு பொடி ரப்பர் வளையத்தை மாட்டி, அதற்குள் பெல்லட்டைச் செருகினார். உண்டிவில்லால் நாலைந்து பெல்லட்டைத் தண்ணீரில் தெறிக்கவிட்டார். அது தெறித்த இடத்தின் நடுவில் குட்டையான தக்கையைப் போட்டார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி நாலைந்து. லிட்டில் அண்ட் ஆஃபன் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல். வாசனைக்கு முன்னால் ஓசைதான் மீனுக்குப் போய்ச் சேருகிறது. “சில நாள் தீனியே வேண்டாம். வெறும் தக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் போதும். சாப்பாடு விழுகிறதென்று நம்பி வந்துவிடும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஓசையை நம்பி வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட உப்பு மண்ணில் வரிசையாக இறால் குளங்கள் வெட்டினார்கள். என் அக்கா புருஷன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், அதில் ஒரு குளத்தில் தீனி போடுகிற ஆள். அச்சரப்பாக்கத்தில் வேலையில்லாமல் திரிந்த என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். தீனி போடுவது கையை வீசுகிற வேலை மட்டும் இல்லை. போட்ட பிறகு, வலை அடித்த ஒரு தட்டில் கொஞ்சம் தீனி வைத்துக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்க வேண்டும். தட்டு காலியாக வந்தால் உள்ளே எல்லாரும் நலம். மிச்சம் இருந்தால் ஏதோ சரியில்லை. அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் இருக்கிற இரண்டு லட்சம் உயிர்களிடம் நாங்கள் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். பதில் அந்தத் தட்டில் வரும். மாமா அதை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். தூக்குவதற்கு முன் ஒரு கணம் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். நாடி பார்க்கிற மாதிரி.

ஒரு காலை தட்டு நிறைந்து வந்தது. மத்தியானமும் அப்படியே. மறுநாள் இறால்கள் கரையோரமாக வந்து தள்ளாடின. ஓட்டில் வெள்ளைப் புள்ளி. பக்கத்துக் குளங்களுக்குப் பரவுவதற்குள் எல்லாவற்றையும் கொன்றுவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் இறங்கியது. எல்லாம் நோய்ப்பட்டிருக்கவில்லை, பாதிக்கு மேல் நன்றாகத்தான் இருந்தன. மாமா கரையில் நடந்து, எப்போதும் வீசுகிற அதே வீச்சில், வலது கையை அரைவட்டமாகச் சுழற்றி, வெள்ளைப் பொடியை வீசினார். தீனி என்று நம்பி அவை வந்தன. தண்ணீரின் மேல்தோல் முழுக்கச் சிலிர்த்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் இன்னும் எந்த ஊரிலும் கேட்கவில்லை.

குளம் வெட்டிய கம்பெனி போய்விட்டது. நான் முதலில் துபாய், பிறகு இங்கே. மாமா மட்டும் அங்கேயே இருந்தார். காவலுக்கு என்று சொல்லிக்கொண்டார். காக்க அங்கே எதுவும் இல்லை. கிரகாமோடு குளத்துக்குப் போன அதே வாரம் அக்கா போன் செய்தாள். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

“தம்பி, அந்த எடத்த யாரோ வாங்கிட்டான். லாரி லாரியா மண்ணு வந்துகினு கீது. அக்கம்பக்கம் எல்லாம் தூத்துட்டாங்க, இவரு கொளம் ஒண்ணுதான் பாக்கி. மாசக் கடைசியில அதையும் தூத்துடுவான். இந்த ஆளு நவுர மாட்டேன்றாரு.”

“ஏன்க்கா?”

“தெனம் தீனி போடறாராம். தட்டு காலியா வருதாம். உள்ள யாரோ துன்றாங்களாம். நான் கேளம்பாக்கத்துல பொண்ணு வூட்ல குந்திகினு ஒவ்வொரு லாரிக்கும் பதறிகினு கீறேன். நான் அவருக்குக் கட்டிக்கினு வந்தவளா, இல்ல அந்தத் தண்ணிக்கா? மண்ணு கொட்றவன் ஆளு கீறானான்னு பாத்துட்டா கொட்டுவான்?”

இரண்டு வார விடுப்பு எடுத்தேன். மூன்றாக மடிகிற தூண்டில் கழியையும் ஒரு கிலோ பெல்லட்டையும் பெட்டியில் வைத்தேன். உள்ளே இருப்பது மீன்தான் என்று பிடித்துக் காட்டிவிட்டால் முடிந்தது என்பது என் கணக்கு. சென்னையில் சுங்க அதிகாரி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, கருவாட்டு உருண்டையா?”

“மீனுக்குத் தீனி சார்.”

“அங்கேர்ந்து இங்க மீனுக்கு? நம்ம மீனுங்க இன்னா பாவம் பண்ணுச்சு!” என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி நடந்தபோது நல்ல வெயில். தூர்த்த குளங்களின் மேல் செம்மண் மேடு மேடாகக் கிடந்தது. கொக்குகள் அந்த மண்மேட்டில் நின்றன; தண்ணீர் இருந்த ஒரே குளத்தின் பக்கம் ஒன்றுகூட இல்லை. மாமா கரையில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்திருந்தார், ஆனால் கண் தெளிவாக இருந்தது.

“வாய்யா மச்சான், லண்டன் தொர! அக்காகாரி ஆள் அனுப்பிட்டாளா?”

“லண்டன் இல்ல மாமா, அதுக்கும் மேல.”

“எதுக்கு மேல இருந்தா இன்னா. குந்து. தட்டு தூக்கற நேரம்.”

கயிற்றைப் பிடித்து ஒரு கணம் நின்றார். தூக்கினார். வலை சுத்தமாக இருந்தது; துலக்கின பாத்திரத்தைப் போல, ஒரு துகள்கூட இல்லாமல். சாலையில் இறங்கியதிலிருந்து நான் இந்தத் தண்ணீரைப் பார்த்தபடிதான் வந்திருந்தேன். ஒரு குமிழி எழவில்லை. ஒரு வளையம் விரியவில்லை.

“மீனா இருக்கும் மாமா.”

“மீனுன்னா துள்ளாதா? பன்னெண்டு வருசமா நான் போடறேன், ஒரு தபா கூட மேல வந்து மூஞ்சி காட்டல” என்றார். பிறகு மெல்ல, “ஏன் காட்டும்? ஒரு தபா நம்பி வந்துச்சுங்க” என்றார்.

மறுநாள் காலை கழியைப் பூட்டினேன். கிரகாம் செய்தது போலவே எல்லாம்: ரப்பர் வளையம், நாலைந்து பெல்லட், தக்கை. மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “சீமைக்குப் போயி இத்தத்தான் கத்துகினியா? கெண்டைக்கு மாத்திரை குடுக்க?” தக்கை அசையவே இல்லை. பிறகு, யாரோ இரண்டு விரலால் பிடித்து அழுத்துவது போல, நேர்கீழாக, அவசரமில்லாமல் அமிழ்ந்தது. நான் சுண்டுவதற்குள் அதே நிதானத்தில் மேலே வந்து நின்றது. இழுத்துப் பார்த்தால் பெல்லட் இல்லை. வளையம் அப்படியே இருந்தது. வெயில் உச்சிக்கு வரும்வரை இப்படியே பதினோரு முறை. மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் நாள் தீனியை நிறுத்தினேன். வெறும் தக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். டொப். டொப். அந்த ஓசை வெறும் வெளியில் வெகுதூரம் போனது. அக்கரையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. தண்ணீருக்கு அடியில் எதையோ இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு மெல்லிய மடிப்பு, நேராக என்னை நோக்கி. தக்கை மறைந்தது. சுண்டினேன். கழி வில்லாக வளைந்து, தங்கூஸ் நரம்பு கையை அறுத்து, கால் மணி நேரம் கழித்து மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அதைத் தழுவித் தூக்கினார். ஒரு பால்கெண்டை, முழங்கைக்கு இரண்டு மடங்கு நீளம். வெளிறிப்போன உடம்பு. அந்த மீனுக்கே உரியபடி கண்ணின்மேல் கண்ணாடி போல ஒரு படலம். எங்களைப் பார்த்ததா, எங்களைத் தாண்டிப் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை. குஞ்சாக இருந்தபோது மதகு வழியாக வந்திருக்கும். போக வழி தெரியாமல் தங்கியிருக்கும்.

“பாத்தீங்களா மாமா? மீனு.”

அவர் அதன் வாயைத் தடவிப் பார்த்தார். பல் இல்லாத, மென்மையான வாய். முள்ளை எடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றிக் கால்வாய் வரை நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார்.

“ஒத்த வாயி இவ்ளோ துன்னுமா மச்சான்?”

“அப்புறம் என்னதான் வேணும் உங்களுக்கு?”

“நாளைக்குக் காலீல தீனி போடறேன். தட்டு நெறைஞ்சு வந்துச்சுன்னா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். உன் கூட வர்றேன். காலியா வந்துச்சுன்னா என்னைக் கூப்டாத. உங்க அக்காளயும் கூப்ட வேணாம்னு சொல்லு.”

மறுநாள் பத்து மணிக்குத் தீனி வீசினார், தட்டை இறக்கினார், கால்வாயில் குளிக்கப் போனார். வடக்குப் பக்கக் கரையில் இந்தக் குளத்துக்கான முதல் லாரி மண்ணோடு வந்து நின்றிருந்தது. பன்னிரண்டு ஆகக் கொஞ்ச நேரம் இருந்தபோது நான் கயிற்றைத் தொட்டேன். அவருடைய கயிறு. அதை நான் தொட்டது அதுவே முதல் தடவை. தூக்கினேன்.

தட்டு காலி.

சுத்தமாக, வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிகிற மாதிரி. தண்ணீரைப் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பெட்டியிலிருந்து கொண்டுவந்த பெல்லட்டில் இரண்டு கை அள்ளித் தட்டில் கொட்டி இறக்கிவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன்.

மாமா தலையைத் துவட்டியபடி வந்தார். கயிற்றைப் பிடித்து நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். தூக்கினார். தட்டு நிறைந்திருந்தது. ஒரு பெல்லட்டை எடுத்து நகத்தால் அழுத்தினார். அது உடையவில்லை. இரண்டு மணி நேரம் ஊறின தீனி கூழாகியிருக்க வேண்டும் என்பது அவரிடம் நான் கற்ற முதல் பாடம். இங்கிலாந்துக் குளத்துக்கென்று செய்த உருண்டை, தண்ணீருக்குள் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்லு மாதிரி இருந்தது. முகர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நல்ல தீனி” என்றார். “இங்க இப்டிக் கெடைக்காது.”

தெரிந்துவிட்டது அவருக்கு. அடுத்து என்ன சொல்வாரோ என்று நின்றேன். அவர் கொட்டகைக்குள் போய் வேட்டி சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். மீதியிருந்த தீனி மூட்டையைக் கரையில் வைத்து அவிழ்த்து, வலது கையை அரைவட்டமாகச் சுழற்றிச் சுழற்றி, கடைசிப் பிடிவரை வீசினார். திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தார். ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அக்கா கதவைத் திறந்து, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, “கால கழுவிகினு வா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அந்தக் குளம் இப்போது இல்லை. மதில் எழுப்பி வரிசையாகத் தென்னை வைத்திருக்கிறார்களாம். நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கிரகாமோடு போகிறேன். ஒரு நாள் என் தங்கூஸை எடுத்துப் பார்த்து, “உன் தக்கைக்குக் கீழே முள்ளே இல்லையே” என்றார். தெரியும் என்றேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு முள்ளை என் சட்டைப் பையில் போட்டார். ஊரைவிட்டுக் கிளம்பி வந்தவர்களுக்கு இது புரியும். உடம்பு ஒரு கரையில் நிற்கும். கை வீசும்போது தீனி எந்தத் தண்ணீரில் போய் விழுகிறது என்று அதற்குத் தெரியாது. அமிழாத தக்கையைப் பார்த்தால் இங்கே எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, அது அமிழ்ந்தால்தான் கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான் திரும்பிய அன்று, விமான நிலையத்துக்கு வண்டி கேளம்பாக்கத்தில் அக்கா மகளின் ஃபிளாட் வாசலில் நின்றது. அக்கா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்ற உள்ளே போனாள். அவள் காதுக்கு எட்டாது என்று உறுதி செய்துகொண்டு, மாமா வண்டியின் ஜன்னலுக்குக் குனிந்தார்.

“நீ மொதல்ல தூக்கனப்ப இன்னா இருந்துச்சு?”

பொய் சொல்லத் தெம்பில்லை எனக்கு. “ஒண்ணும் இல்ல மாமா. கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு.”

வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பல நாள் கழித்து மூச்சு விட்டவர் மாதிரி அவர் தோள் இறங்கியது.

“அப்ப பட்டினி இல்ல. துன்னுட்டுதான் கீதுங்க” என்றார். “போய்ட்டு வா, மச்சான்.”