கார் ஷெட்டில் மரத்தூள்

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். பஞ்சுப் பக்கமே போகக்கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர் அவர். மெஷினிலிருந்து பனியன் துணி இறங்கும், அவர் தலையில் பஞ்சு இறங்கும். நெருப்பெரிச்சல் ஊருக்குள் வாடகைக் கட்டடத்தில் சொந்தமாக ஓட்டிய மெஷின்களை விற்றுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். டாக்டர் சொன்னால் சொன்னபடி கேட்கிற மனுசன். பஞ்சு என்றால் பஞ்சு மட்டும்.

சும்மா உட்காரத் தெரியாது அவருக்கு. கார் வாங்குவோம் என்று நினைத்துக் கட்டிய ஷெட் ஒன்று வாசலை ஒட்டிக் கிடந்தது. கார் வரவில்லை. அதில் மரம் அறுக்கிற மெஷினும் தேய்க்கிற மெஷினும் வந்தன. இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய கதவு, வாசல் நிலை, ஜன்னல் சட்டம் என்று வாங்கி வந்து, செல்போனில் பார்த்துப் பார்த்து ஸ்டூலும் சாமி மாடமும் செய்தார். விற்க மாட்டார். சொந்தக்காரர் யாராவது புது வீடு கட்டினால் ஒரு ஸ்டூல் போகும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறீர்களே என்று கேட்டேன். டாக்டர் பஞ்சு ஆகாது என்றுதான் சொன்னார், இது மரம் என்றார். மரத்தூளுக்கு நெஞ்சுக்குப் போக வழி தெரியாதா என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் மூன்று நாள் பேச மாட்டார்.

நானும் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள்தான். முழங்கால் போனபிறகு வீட்டிலேயே பிசிர் வெட்டுகிறேன். கம்பெனி வண்டியில் தைத்த பீஸ் வரும், முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி மடித்து வைப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஷெட். வேப்பமரம் அறுத்த நாளில் நான் குடிக்கிற தண்ணீர் கசக்கும். அதை அவரிடம் சொன்னேன். வேம்பு உடம்புக்கு நல்லது என்றார்.

அவர் நெஞ்சைக் காப்பாற்றுவது என் வேலையாகிப் போனது. முதலில் பனியன் வேஸ்ட் துணியை மடித்து மூக்குக்குக் கட்டிவிட்டேன். பின்னல் துணி இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். பேசினால் இறங்கும், தும்மினால் கழுத்துக்குப் போய்விடும். கழற்றிப் பார்த்தால் மூக்குக்குள் தூள் அப்பியிருக்கும். அப்புறம் மெஷின் சாமான் கடையில் இரண்டு பக்கமும் வட்ட டப்பி வைத்த ரப்பர் மாஸ்க் வாங்கினோம். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தாடி இருந்தால் ரப்பர் ஒட்டாது, இடுக்கில் தூசி புகுந்துவிடும் என்றார்.

தாடி எதற்கென்றால், மூச்சு சரியாக வேண்டும் என்று பழனிக்கு நேர்ந்து வளர்த்தது. தைப்பூசத்துக்குத்தான் இறக்குவதாக இருந்தார். முருகன் கோபித்துக்கொள்வானா என்று ரொம்ப யோசித்தார். மூச்சுக்காக வைத்த தாடி மூச்சுக்காகவே போனால் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று நான்தான் பஸ் ஏற்றினேன். மொட்டைத் தலையோடு திரும்பி வந்து மாஸ்க்கைப் போட்டபோது அது பல்லி மாதிரி ஒட்டியது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. கடைசியாகச் சந்தோஷப்பட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மெஷின்களை விற்றபோது ஒன்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை, காற்று அடிக்கிற கம்ப்ரஸரை. நிட்டிங்கில் இருந்தவர்களுக்குக் காற்று அடிக்காமல் வேலை முடியாது. மெஷின் மேல் படிந்த பஞ்சை ஊதித் தள்ளுவார்கள். ஷிப்ட் விடும்போது ஒருவர் சட்டைக்கு ஒருவர் பிடிப்பார்கள், தலை, காது, முதுகு என்று. அப்படியே வீட்டிலும் செய்தோம். மாலையில் மெஷினை நிறுத்தியதும் ஷெட்டுக்குள் மூலைமுடுக்கெல்லாம் காற்று அடிப்பார். தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிறகு என்னைக் கூப்பிடுவார். நான் போய் அவர் முதுகுக்குக் காற்று பிடிப்பேன். கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார், எண்ணெய் தேய்க்க நிற்கிற குழந்தை மாதிரி மெல்லத் திரும்புவார். தூசி அடங்கட்டும் என்று மாஸ்க்கை மட்டும் கழற்ற மாட்டார். அதற்குள்ளிருந்து ஏதாவது பேசுவார், பாதி புரியாது. எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அந்த நேரம்தான். பிள்ளைகள் வெளியூரில். நான் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருமல் வந்தபோது பனி என்று நினைத்தேன். பனிக்காலம் போனது, இருமல் போகவில்லை. மாடி ஏறினால் பாதியில் நிற்பேன். முழங்கால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அவருக்கு வழக்கமாகக் காட்டுகிற நாள் வந்தது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னையும் உட்காரச் சொன்னார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், படம் எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். பிசிர் வெட்டுவதைச் சொன்னேன். வேறென்ன என்றார். ஷெட்டைச் சொன்னேன். கடைசியில், வேறொன்றும் இல்லாததால், சாயங்காலம் காற்று பிடிப்பதையும் சொன்னேன்.

"அவரு மாஸ்க் போட்டிருப்பாருங்களா அப்ப?"

"போட்டிருப்பாருங்க."

"நீங்க?"

"நான் ஒரு நிமிசந்தானுங்க."

டாக்டர் திட்டவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும், தெரியாததுதான் நெஞ்சுக்குள் போகும் என்றார். ஊதினால் அது எழும்பி வீடு முழுக்க நெடுநேரம் நிற்குமாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், உறிஞ்சுகிற மெஷினால் எடுக்க வேண்டும், காற்று அடிக்கவே கூடாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். அவருக்கு இனி மோசமாகாது, எனக்குப் போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அந்த வேலை வீட்டை ஒட்டி நடக்கக்கூடாது என்று இருவரையும் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கோ சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஷெட்டைக் காலி பண்ணிவிடலாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பாலம் தாண்டியும் சொல்லவில்லை. நானாகக் கேட்டு வாங்க அது மருந்துச் சீட்டு இல்லை.

சாமான் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், கையில் ஒரு டப்பாவோடு வந்தார். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய நிம்மதி.

"பொம்பளைங்களுக்குச் சின்ன சைஸே வருதாமா. இனி நீயும் போட்டுக்க புள்ள, பயமில்ல."

டப்பாவைப் பிரித்து அவரே என் தலையில் மாட்டினார். கொண்டையில் முடி சிக்காமல் பட்டையைப் பொறுமையாக ஒதுக்கிவிட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாகக் கவனித்துத்தான் கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது.

"சரியா இருக்குங்க" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தார்.