ஸ்டெல்லா வரைந்த முதுகெலும்பு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டால் இல்லை. ஸ்டெல்லாவால்.

இந்தப் பத்தியில் வாரம் ஒரு நாள் உங்களோடு அரட்டை; மற்ற ஆறு நாள் வடசென்னையில் டோல்கேட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை — தெரிந்ததுதானே? ஸ்டெல்லா அங்கே என் ஜூனியர்.

கவிதா என்று ஒரு பெண், இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். முதுகு ஸ்கேனில் ஒவ்வொரு எலும்பையும் சுற்றிக் கம்ப்யூட்டரே கோடு போட வேண்டுமாம். அதற்கு முதலில் மனுஷர்கள் போட்டுக் காட்டினால், பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளுமாம். நானும் ஸ்டெல்லாவும் மூன்று மாதம் மவுஸைப் பிடித்து வரைந்து கொடுத்தோம்.

என் கோடுகள் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வழவழவென்று இருக்கும். அவளுடையது? எங்கே பார்த்தாலும் மேடு, பிசிறு. யாருடையதைக் கவிதா எடுத்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்லி என் பெயர் அச்சாகப்போகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.

செவ்வாயன்று பரீட்சை. என் கோடுகளில் படித்த கம்ப்யூட்டர் ஒரு பக்கம், அவள் கோடுகளில் படித்தது இன்னொரு பக்கம். ஸ்கேன், கொருக்குப்பேட்டை ஏழுமலை அண்ணனுடையது. கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். வலது கால் மரத்துப்போகிறது. எலும்பு முள்போல வளர்ந்து நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆராய்ச்சிக்குப் படத்தைத் தரச் சம்மதித்தவர், வேடிக்கை பார்க்கவும் வந்து நின்றார்.

ஸ்டெல்லாவின் பக்கம், அந்த முள்ளைச் சுற்றிக் கச்சிதமாகக் கோடு. என் பக்கம்... முள்ளே இல்லை. பிசிறு என்று நான் சீவிச் சீவித் தள்ளியதை அந்தக் கம்ப்யூட்டரும் அப்படியே கற்றுக்கொண்டிருந்தது.

ஏழுமலை அண்ணன் என் படத்தைக் காட்டிக் கேட்டார். "இது யாரு முதுகும்மா? மூட்டையே தூக்காத ஆளு கணக்கா கீது."

ஸ்டெல்லா சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அக்காவுது நீட்டா கீதுண்ணே" என்று எனக்குப் பரிந்து பேசினாள். அதுதான் இன்னும் எரிந்தது.

"எப்பிடிடி வரைஞ்ச?" என்றேன்.

"இன்னா கீதோ அதத்தாங்க்கா வரைஞ்சேன்."

கட்டுரையில் வரப்போவது அவள் பெயர். பொறாமையாகத்தான் இருக்கிறது, உங்களிடம் மறைப்பானேன்?

கம்ப்யூட்டருக்கு அந்த வியாதி கிடையாது. அதனால்தான் எனக்கு முன்னால் அவளிடம் கற்றுக்கொண்டுவிட்டது.